எண்சுவடி முதல் இயற்கணிதம் வரை: நம் உயர்நிலைப் பள்ளிகளில் கணக்கு நடந்து வந்த பாதை

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பெற்றோரின் கண் முதலில் தேடுவது கணக்கு மதிப்பெண்ணைத்தான். சமூக அறிவியலில் பிள்ளை குறைந்த மதிப்பெண் பெற்றால் "சரியாகப் படிக்கவில்லை" என்கிறோம். கணக்கில் குறைந்தால் "இவனுக்குக் கணக்கு வராது" என்று ஆயுள் முழுமைக்குமான தீர்ப்பையே எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பைக் கேட்ட பிள்ளை பதினோராம் வகுப்பில் கணிதப் பிரிவின் பக்கமே திரும்புவதில்லை. பெண் பிள்ளையாயின் பல வீடுகளில் அதுவே படிப்பை நிறுத்துவதற்கான காரணமாகவும் ஆகிவிடுகிறது.

கணக்கு என்ற பாடம் நம் பள்ளிகளில் எப்போதும் இன்றைய வடிவில் இருந்ததில்லை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் ஜமாஅத்தில் எழுபத்தைந்து வயதைக் கடந்த பெரியவர்கள் அணா, பைசாவில் கணக்குப் போட்டவர்கள். அறுபத்தைந்தை ஒட்டியவர்கள் பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கணங்களையும் அணிகளையும் நிகழ்தகவையும் படிக்கின்றனர். ஒரே வீட்டின் மூன்று தலைமுறைகள் "கணக்கு" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பாடங்களைக் கற்றிருக்கின்றனர். அந்த மாற்றங்கள் எவ்வாறு நேர்ந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

திண்ணைப் பள்ளியின் கணக்கு

ஆங்கிலேயர் வகுத்த பள்ளிகள் பரவுவதற்கு முன் தமிழ்நாட்டின் ஊர்களில் கல்வி தந்தவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். அங்கே கணக்கின் அடிப்படை நூல் எண்சுவடி. எண்களின் பெயர்கள், பெருக்கல் வாய்பாடுகள், பின்னங்களின் வாய்பாடுகள், நெல்லளவைக்கான நெல்லிலக்கம், நிலத்தின் பரப்பைக் காண உதவும் குழிமாற்று ஆகியவை அதில் அடங்கும். பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினர்; பின்னர் ஓலைக்கு மாறினர். சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றப் பிள்ளைகள் உரத்த குரலில் பின்னே சொல்வார்கள். உ.வே. சாமிநாதையர் தம் தன்வரலாறான "என் சரித்திரம்" நூலில் இத்தகைய பள்ளி வாழ்க்கையை விவரித்திருப்பதைப் படித்தவர்கள் அறிவார்கள்.

இந்தக் கணக்கின் சிறப்பு அதன் பின்னங்களில் இருந்தது. இன்று நாம் "மூன்றின் கீழ் நான்கு" என்று சுற்றி வளைத்துச் சொல்வதற்கெல்லாம் அன்று தனிப்பெயர் இருந்தது. ஒன்றை 320 பங்காக்கினால் ஒரு பங்கு முந்திரி. இரண்டு முந்திரி சேர்ந்தால் அரைக்காணி. இரண்டு அரைக்காணி ஒரு காணி, அதாவது 80இல் ஒரு பங்கு. நான்கு காணி ஒரு மா, அதாவது 20இல் ஒரு பங்கு. ஐந்து மா சேர்ந்தால் கால். மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. அது 16இல் ஒரு பங்கு. பெயரைப் பிரித்தாலே கூட்டல் விளங்கிவிடும் அமைப்பு இது. முந்திரியையும் 320 பங்காக்கி, கீழ்முந்திரி என்று அதற்கும் கீழே இறங்கிச் சென்றனர். அது ஒன்றில் 1,02,400இல் ஒரு பங்கு. காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் போன்ற நூல்கள் நிலம், பொன், நெல், காலம் ஆகியவற்றின் கணக்குகளைச் செய்யுள் வடிவில் தந்தன.

இத்தனையும் மனத்தில் ஏற்றிக்கொண்ட பிள்ளைக்கு எழுதுகோல் தேவைப்படவில்லை. நெல் அளக்குமிடத்திலும் கடையிலும் விடையை வாயாலேயே சொல்லிவிடுவான். பிற்காலத்தில் வந்தவர்கள் இதை வெறும் மனப்பாடம் என்று ஒதுக்கியது முழுக்க நியாயமானதன்று. மனப்பாடம் என்பது அங்கே முதல் படி. அதன்பின் ஊரின் உண்மையான அளவைகளில் கணக்குப் போட வேண்டியிருந்தது.

ஆயினும் அந்தப் பள்ளியைப் பொற்காலம் என்று போற்றுவதற்கும் இடமில்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் நாட்டுப்புறக் கல்வி குறித்து ஒரு கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது அக்காலத்திற்குச் சிறிய எண்ணிக்கையன்று. ஆனால் அந்த 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகள் பெரும்பாலும் திண்ணையின் அருகில்கூட வர இயலவில்லை. நிலமும் வணிகமும் கணக்குப்பிள்ளை வேலையும் உடைய குடும்பங்களின் ஆண் பிள்ளைகளுக்காகவே அந்தக் கணக்கு இருந்தது.

வேடிக்கையான ஒரு செய்தியையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 முதல் சென்னையில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்தினார். ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தியதோடு, மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அமைத்தார். 1797இல் அதை நூலாக இலண்டனில் வெளியிட்டார். அம்முறை "மதராஸ் முறை" என்ற பெயரில் இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் பாடநூல்களை முன்மாதிரியாகக் கொண்டு நம் திண்ணைப் பள்ளிகள் "சீர்திருத்தப்பட்டன".

பாக்தாதிலிருந்து கும்பகோணத்துக்கு

1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பிறகு அரசு மானியமும் ஆய்வாளர்களும் வந்தனர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. மெட்ரிகுலேஷன் தேர்வு உயர்நிலைப் பள்ளியின் எல்லைக்கல் ஆயிற்று. அத்தேர்வின் கணிதம் மூன்று கிளைகளாக வந்தது: எண்கணிதம், அல்ஜீப்ரா, யூக்ளிடின் வடிவ கணிதம். பயிற்றுமொழி ஆங்கிலம். பவுண்டும் ஷில்லிங்கும், மைலும் ஏக்கரும் கொண்ட கணக்குகளைக் காவிரிக்கரைப் பிள்ளைகள் போட்டனர். மாவும் காணியும் கேள்வித்தாளில் இடம்பெறவில்லை; ஆகவே வகுப்பறையிலும் அவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று.

அந்த அல்ஜீப்ரா என்ற சொல்லின் பயணத்தை ஜமாஅத் அன்பர்கள் அறிந்திருப்பது நலம். கி.பி. 780 அளவில் பிறந்து 850 அளவில் மறைந்த முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி, கலீஃபா மஃமூனின் காலத்தில் பாக்தாதில் பணியாற்றியவர். அவர் எழுதிய நூலின் தலைப்பிலுள்ள "அல்-ஜப்ர்" என்ற சொல்லே அல்ஜீப்ரா ஆயிற்று. சமன்பாட்டின் ஒருபுறம் கழிக்கப்பட்டு நிற்பதை மறுபுறத்தில் சேர்த்து நிறைவாக்குதலை அது குறிக்கும். அவருடைய பெயரே பின்னர் அல்காரிதம் என்ற சொல்லுக்கும் மூலமாயிற்று.

அவர் விளக்கிய ஒரு கணக்கு இன்றும் உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வருகிறது. அந்த எண் யாது? அவர் எழுத்துக் குறியீடு எதையும் பயன்படுத்தவில்லை. ஒரு சதுரம் வரைந்தார். அதன் பக்கம் நாம் தேடும் எண். பத்து மடங்கை இரண்டாகப் பிரித்து, ஐந்து அகலமுள்ள இரண்டு செவ்வகங்களாக அச்சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒட்டினார். இப்போது ஒரு மூலை மட்டும் காலியாக நிற்கிறது. அந்த மூலை ஐந்துக்கு ஐந்து, அதாவது 25. அதை நிரப்பினால் உருவாகும் பெரிய சதுரத்தின் பரப்பு 39உம் 25உம் சேர்ந்து 64. எனவே அதன் பக்கம் 8. ஐந்தைக் கழித்தால் விடை 3. பத்தாம் வகுப்பில் "வர்க்கப் பூர்த்தி முறை" என்று நம் பிள்ளைகள் படிப்பது இதுவே. மூலையை நிரப்பும் அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் ஐந்து நிமிடத்தில் விளங்கும். படம் இன்றிச் சூத்திரமாக மட்டும் தந்தால், எதற்காக "பாதியின் வர்க்கத்தை" இருபுறமும் கூட்டுகிறோம் என்பது பிள்ளைக்கு ஒருநாளும் விளங்காது.

அந்நூலின் பிற்பகுதி முழுவதும் வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகள் என்பதைப் பலர் அறியார். கணவனையும் ஒரு மகனையும் மூன்று மகள்களையும் விட்டு ஒரு பெண் மறைகிறார், தம் சொத்தில் எட்டில் ஒன்றும் ஏழில் ஒன்றும் வேறொருவருக்கு மரணசாசனம் செய்திருக்கிறார், யாருக்கு எவ்வளவு? சாசனத்தை நீக்கிய மீதியில் கணவருக்குக் கால். எஞ்சியது ஐந்து பங்காகி, மகனுக்கு இரண்டும் மகள் ஒவ்வொருவருக்கும் ஒன்றும். ஆக, மீதியை 20ஆக வகுக்க வேண்டும். சாசனமோ 56இல் 15. எனவே மொத்தச் சொத்தை 1,120 பங்காக்கினால் சாசனம் பெறுபவருக்கு 300, கணவருக்கு 205, மகனுக்கு 246, மகள்களுக்குத் தலா 123 என்று பின்னமின்றி முடிகிறது. எண்சுவடி படித்த ஒரு தமிழ்க் கணக்குப்பிள்ளையிடம் இதைக் கொடுத்திருந்தால், மீதியில் கணவருக்குக் கால், மகனுக்கு ஆறு மா, மகளுக்கு மும்மா என்று உடனே சொல்லியிருப்பார். பாக்தாதின் அறிஞரும் நம் ஊர்க் கணக்கரும் சந்திக்கும் இடம் அந்த 20 என்ற எண்தான்.

1145இல் செஸ்டர் நகரத்து ராபர்ட் அந்நூலை லத்தீனுக்குக் கொண்டு சென்றார். ஐரோப்பாவில் எழுத்துக் குறியீடுகள் வளர்ந்து, 19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ஹால், நைட் ஆகியோரின் அல்ஜீப்ராப் பாடநூலாக உருவெடுத்து, கப்பலேறி நம் பள்ளிகளுக்கு வந்தது. இதற்கிடையே, 18ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவில் வகுக்கப்பட்ட தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் பஹாவுத்தீன் ஆமிலியின் "குலாஸத்துல் ஹிஸாப்" என்ற கணித நூலும் யூக்ளிடின் அரபு வடிவமும் இடம்பெற்றிருந்தன. மதரஸாவில் கணிதமும் ஒரு பாடமாகவே இருந்தது என்பதற்கு இது சான்று.

யூக்ளிடின் கதைக்குத் தனியே ஒரு பத்தி தேவை. திண்ணைப் பள்ளியின் மனப்பாடத்தைக் குறைகூறிய ஆய்வாளர்களின் காலத்திலேயே, புதிய பள்ளிகளில் யூக்ளிடின் தேற்றங்களைப் பிள்ளைகள் புரியாத ஆங்கிலத்தில் வரிவரியாக மனப்பாடம் செய்தனர். இது நம் நாட்டின் குறை மட்டுமன்று. இங்கிலாந்திலேயே 1871இல் வடிவ கணிதக் கற்பித்தலைச் சீர்திருத்துவதற்கென ஆசிரியர்கள் ஒரு சங்கம் கூட்டினர். 1903இல்தான் கேம்பிரிட்ஜ் தேர்வுகளில் யூக்ளிடின் வரிசைமுறை கட்டாயம் என்ற நிலை தளர்ந்தது.

இந்தப் பள்ளிமுறையிலிருந்து வெளிவந்த புகழ்பெற்ற மாணவர் சீனிவாச இராமானுஜன். 1887இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் 1898 முதல் பயின்றார். லோனியின் திரிகோணமிதி நூலைச் சிறு வயதிலேயே முடித்தார். 1903இல் கார் என்பவரின் தொகுப்பு நூல் அவர் கைக்கு வந்தது. கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயாரித்த ஒரு தனிப்பயிற்சி ஆசிரியர் தொகுத்த நூல் அது; ஏறத்தாழ 5,000 முடிவுகள், பெரும்பாலும் நிறுவல் இன்றி. 1904இல் பள்ளி அவருக்குக் கணிதப் பரிசு வழங்கியது. முழு மதிப்பெண்ணுக்கும் மேல் பெறத் தகுதியுடையவர் என்று தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் புகழ்ந்தார். அடுத்த ஆண்டுகளில் கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் மற்றப் பாடங்களில் தேறாமல் அவர் வெளியேற நேர்ந்தது. இராமானுஜனைக் காட்டி "நம் பழைய பள்ளிகள் எத்தனை சிறந்தவை" என்று மேடைகளில் பேசுவோர் இந்தப் பிற்பகுதியைச் சொல்வதில்லை. அவரைப் பாராட்டிய பள்ளிக்கும் அவரைத் தோல்வியுறச் செய்த தேர்வுக்கும் அடிப்படையான பாடத்திட்டம் ஒன்றே.

கணக்குக்குத் தமிழ்

உயர்நிலைப் பள்ளியில் கணிதத்தைத் தமிழில் கற்பிக்க முடியுமா என்பது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உண்மையான ஐயமாக இருந்தது. ஆயினும் ஈழத்தில் வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவரான கரோல் விசுவநாதபிள்ளை 1855இலேயே "வீசகணிதம்" என்ற அல்ஜீப்ரா நூலைத் தமிழில் வெளியிட்டிருந்தார். தமிழகத்தில் 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வேங்கடசுப்பையரும் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டு இதழும் நடத்தினர். 1930களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வி பரவியபோது, சொற்கள் பெருமளவில் தேவைப்பட்டன. வடமொழிச் சொற்களா, தனித்தமிழ்ச் சொற்களா என்ற வழக்கும் உடன் எழுந்தது.

பீஜகணிதம், அட்சரகணிதம் என்றெல்லாம் வழங்கியது இறுதியில் இயற்கணிதம் ஆயிற்று. க்ஷேத்திரகணிதம் வடிவ கணிதமாகிப் பின்னர் வடிவியலானது. திரிகோணமிதி முக்கோணவியலானது. இலங்கையின் பள்ளி வழக்கில் அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் நெடுங்காலம் நிலைத்தன; அங்கிருந்து வந்த பிள்ளைகள் நம் பள்ளிகளில் சேர்ந்தபோது, கணக்கு தெரிந்தும் கேள்வி புரியாமல் விழித்ததை ஆசிரியர்கள் சொல்லக் கேட்டதுண்டு.

தமிழ்வழியில் கற்பித்ததால் கணிதம் முதன்முறையாகச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் எட்டியது. 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் ஊர்தோறும் திறக்கப்பட்ட பள்ளிகளும் அதற்கு வழி செய்தன. ஆயினும் கல்லூரியின் வாசலில் ஆங்கிலம் காத்திருந்தது. பத்தாண்டுகள் "சார்பு" என்று படித்தவர், அதையே வேறு பெயரில் கேட்டுத் திகைத்தார். ஆங்கிலவழிப் பள்ளிகள் மேல் பெற்றோருக்கு எழுந்த மோகத்துக்கு இந்தத் திகைப்பும் ஒரு காரணம். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன.

1940களின் வகுப்பறை எப்படி இருந்தது என்பதற்கு மேதகு அப்துல் கலாம் அவர்களின் நினைவுகள் சான்று. இராமேசுவரத்தில் சிறு பிள்ளையாக இருந்தபோது, விடியற்காலையிலேயே குளித்துவிட்டுக் கணக்கு ஆசிரியரிடம் பாடம் கேட்கச் சென்றதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஆசிரியர் கட்டணம் வாங்காமல் ஆண்டுக்கு ஐந்து பிள்ளைகளுக்கு மட்டும் கற்பித்தார். குளித்து வருவது அவருடைய நிபந்தனை. பின்னர் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில், கணித ஆசிரியர் இராமகிருஷ்ண ஐயர் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்புக்குள் தவறி நுழைந்ததற்காகப் பிரம்படி வாங்கினார். பல மாதங்களுக்குப் பின் கணிதத்தில் முழு மதிப்பெண் பெற்றபோது, அதே ஆசிரியர் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவரைப் பாராட்டி, தம்மிடம் அடி வாங்கியவர் பெரிய மனிதராவார் என்றாராம். கதையைக் கேட்டுச் சிரிக்கிறோம். அதே பிரம்பால் கணக்கையே வெறுத்துப் பள்ளியை விட்டு ஓடிய பிள்ளைகள் தன்வரலாறு எழுதவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அணா போயிற்று, கணங்கள் வந்தன

1957 ஏப்ரல் 1ஆம் நாள் நாட்டில் தசம நாணயம் நடைமுறைக்கு வந்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா, 192 பை என்றிருந்தது 100 நயா பைசா ஆயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் படியும் மரக்காலும் வீசையும் போய் லிட்டரும் கிலோவும் சட்டப்படியான அளவைகளாயின. எண்சுவடியின் உயிர் உண்மையில் பிரிந்தது அப்போதுதான். ஆங்கிலேயர் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிய பிறகும் கடைத்தெருவில் அது வாழ்ந்தது. ஏனெனில் மாகாணி என்பதே அணா. 16இல் ஒரு பங்குக்குத் தேவை இல்லாதபோது அந்த வாய்பாட்டுக்கும் தேவை இல்லாமல் போயிற்று. பள்ளிப் பிள்ளைகளுக்கோ இது பெரும் விடுதலை. ரூபாய்-அணா-பைசா கூட்டலிலும் பெருக்கலிலும் கழிந்த மணிநேரங்கள் மிச்சமாயின.

மிச்சமான அந்த நேரத்தில் என்ன கற்பிப்பது? 1957 அக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா தன் பள்ளிக் கணிதத்தை மாற்றி எழுதியது. கணங்கள், உறவுகள், எண்களின் பண்புகள் என்று பல்கலைக்கழகத்தின் மொழி பள்ளிக்குள் இறங்கிற்று. "புதுக் கணிதம்" எனப்பட்ட அந்த அலை இந்தியப் பாடநூல்களையும் தொட்டது. அமெரிக்காவில் சில ஆண்டுகளிலேயே அதற்கு எதிர்ப்பு எழுந்து பின்வாங்கினர். நம் பத்தாம் வகுப்பு நூலிலோ கணங்களும் அணிகளும் தங்கிவிட்டன. தேர்வுக்கு எளிதாக மதிப்பெண் தரும் பகுதிகள் அவை என்பதால் ஆசிரியரும் மாணவரும் அவற்றை மகிழ்ச்சியோடே ஏற்றுக்கொண்டனர்.

பழைய எஸ்.எஸ்.எல்.சி.யில் எல்லோரும் ஒரே கணிதத்தைப் படிக்கவில்லை. பொதுக் கணக்கு என்றும் காம்போசிட் கணக்கு என்றும் பிரிவுகள் இருந்த காலம் அது. பதினான்கு, பதினைந்து வயதில் எதை எடுப்பது என்ற முடிவே, பின்னாளில் பொறியியலா இல்லையா என்பதைத் தீர்மானித்தது. 1964-66இல் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, முதல் பத்தாண்டுகளுக்குக் கணிதமும் அறிவியலும் அனைவருக்கும் கட்டாயம் என்றது. தமிழகத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கி, பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வாகி, பி.யூ.சி. மறைந்தபோது அந்தக் கொள்கை நடைமுறைக்கு வந்தது.

இது ஒரு பெரிய வாக்குறுதி. நூறு பேரில் பத்துப் பேருக்கென வகுக்கப்பட்ட பாடத்தை நூறு பேருக்கும் தருவோம் என்பதே அதன் பொருள். ஆனால் பாடத்தைப் பொதுவாக்கிய வேகத்தில் கற்பிக்கும் முறை மாறவில்லை. அறுபது எழுபது பேர் அமர்ந்த வகுப்பில், ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மாதிரிக் கணக்கைப் போட, பிள்ளைகள் பயிற்சிக் கணக்குகளை அதே அச்சில் எழுதுவதே கற்பித்தல் என்றாயிற்று. புரிந்தவர் மேலே சென்றார். புரியாதவர் தனிப்பயிற்சிக்குச் சென்றார். பணம் இல்லாதவர் தோல்வியுற்றார்.

2005இல் தேசியக் கலைத்திட்டத்திற்காக அமைந்த கணிதக் குழு, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் இரா. இராமானுஜம் தலைமையில் அளித்த அறிக்கை இதை வெளிப்படையாகப் பேசியது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அச்சத்தையும் தோல்வி உணர்வையும் தரும் பாடத்திட்டம், ஆர்வமுள்ள சிலருக்கும் ஏமாற்றத்தையே தருகிறது என்றது. கணக்கீட்டுத் திறனோடு நின்றுவிடாமல் பிள்ளையின் சிந்தனை முறையையே கணிதமயமாக்குவது உயர்ந்த நோக்கம் என்றும் அது கூறியது.

தமிழகத்தில் அடுத்த மாற்றம் சமச்சீர்க் கல்வி. அதற்கு முன் மெட்ரிகுலேஷன் மாணவர் கணிதத்தில் இரண்டு தாள் எழுதி மொத்தம் 1,100 மதிப்பெண்ணுக்குப் படித்தார். அரசுப் பள்ளி மாணவர் ஒரே தாள் எழுதி 500க்குப் படித்தார். 2010ஆம் ஆண்டுச் சட்டம், அதன்மேல் வழக்கு, 2011 ஆகஸ்ட் 9இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றுக்குப் பிறகு எல்லோர் கையிலும் ஒரே நூல் வந்தது. அந்தப் பத்தாம் வகுப்பு நூலின் இயற்கணிதப் பகுதியில் அல்-குவாரிஸ்மியைப் பற்றிய குறிப்பு அச்சிடப்பட்டிருந்தது. 2018-19, 2019-20 ஆண்டுகளில் அந்நூல்களும் மாற்றப்பட்டன. கைப்பேசியால் படிக்கும் குறியீடுகளும், கணினியில் வடிவங்களை அசைத்துப் பார்க்கும் இணையச் செயல்பாடுகளும், சிந்தனைக் களம் போன்ற பெட்டிகளும் புதியவற்றில் உள்ளன.

நூல் வளர்ந்தது உண்மை. ஆனால் வகுப்பறையை ஆள்வது கேள்வித்தாள்தான். புதிய நூலுக்கான தாளில் ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினா 10, ஐந்து மதிப்பெண் வினா 10, எட்டு மதிப்பெண் வினா 2, ஆக 100. தேர்ச்சிக்கு 35. எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டும் செய்முறை வடிவியல் வரைபடமும் வரைகோட்டுப் படமும். கவராயமும் அளவுகோலும் கையில் இருந்தால் 16 மதிப்பெண் ஏறக்குறைய உறுதி. எனவே "மெல்லக் கற்கும் மாணவர்" என்று பெயரிடப்பட்டவர்களுக்கு, ஜனவரி மாதம் தொடங்கியதும் மாலை வகுப்பில் முதலில் பழக்கப்படுவன இவ்விரண்டும். அடுத்து உறவுகளும் சார்புகளும். அடுத்து புத்தகத்தின் பின்னுள்ள ஒரு மதிப்பெண் வினாக்கள். அடுத்து அணிகளின் கூட்டலும் பெருக்கலும். இதைச் செய்யும் ஆசிரியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு பிள்ளையின் பள்ளி வாழ்வு அந்த 35இல் தொங்கும்போது அவர் வேறு என்ன செய்வார்?

அந்த வரிசையில் இருபடிச் சமன்பாடு கடைசியில் வரும். பெரும்பாலும் வருவதே இல்லை. வந்தாலும் காரணிப்படுத்துதலும் சூத்திரமும் மட்டும் வரும். சதுரத்தின் காலி மூலையை நிரப்பும் படம் வராது. பிள்ளை 38 மதிப்பெண் பெற்று, அந்தப் படத்தைப் பாராமலேயே பள்ளியை விட்டு வெளியே வந்துவிடுகிறது.